உறங்கும் சிங்கமும் விழியின் அமுக்கமும்

கல்முனையிலிருந்து கரையோர வீதிவழியே தெற்கு நோக்கிச் செல்லும் ஒருவருக்கு இடப்புறம் கடலும் வலப்புறம் வயலும் வழித்துணையாக வருகின்றன. சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் ஒன்றையடுத்து ஒன்றாக வந்து, பொத்துவிலோடு ஊர்த்தொடர் மெலிந்துவிடுகிறது. பொத்துவிலுக்கு மேற்கே லகுகலைக் காடு, தெற்கே பாணமை, பாணமைக்கும் அப்பால் குமண வனம். அவ்வனத்தில் ஆட்சி செலுத்தும் விலங்கு சிறுத்தை. சிங்கமோ வரிப்புலியோ இன்று காட்டில் வாழாத நம் தீவில், பெரும்பூனை இனத்தின் ஒரே பிரதிநிதி அதுவே.

இருளில் விளக்கொளி பட்டவுடன் சிறுத்தையின் கண்கள் இரு தணல்களைப் போல மின்னும். விழித்திரைக்குப் பின்னால் அமைந்த பளபளப்பான ஒரு படை, உட்புகுந்த ஒளியைத் திரும்பவும் விழித்திரைக்கே அனுப்புகிறது. ஒருமுறை பயன்பட்ட ஒளி மறுமுறையும் பயன்படுவதால், நமக்குக் காரிருளாகத் தோன்றும் இடத்திலும் அவ்விலங்கு மானை இனங்கண்டு கொள்கிறது. வீட்டுப் பூனையின் கண்மணி வெளிச்சத்தில் நெற்கீற்றுப் போல் ஒடுங்கும். சிறுத்தைக்கும் சிங்கத்துக்கும் புலிக்கும் அது நம் கண்மணியைப் போன்று வட்டமாகவே சுருங்கும். இவ்வகையான விலங்குகளுக்குக் கண்ணே முதல். அம்முதல் அழிந்தால் வேட்டையில்லை, வேட்டையில்லையேல் வாழ்வில்லை.

நேயர்களே! அத்தகைய கண்ணுக்குள் நோய் புகுந்தால் அதனை எவ்வாறு அறிவது? விலங்கு வாய்திறந்து சொல்லாது. அருகில் சென்று பார்க்கவும் விடாது. உறங்க வைத்துப் பார்க்கலாம் என்றால், உறக்கம் தரும் மருந்தே கண்ணின் நிலையை மாற்றிவிடுகிறது. பெரும்பூனைகளின் கண்ணினுள் உள்ள அமுக்கத்தை அளக்க முயன்ற மிருக வைத்தியர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடு இதுவே. அவர்கள் அதனைக் கடந்த வரலாறு, காட்டு விலங்கைப் பற்றியதாகத் தொடங்கி, நம் வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பற்றியதாகவும் ஆகிறது. அவ்வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

முதலில், விழியமுக்கம் என்பது யாது? கண் என்பது உள்ளீடற்ற பந்தன்று. அதன் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடையறாது சுரந்துகொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. இது அழும்போது வழியும் கண்ணீரன்று. கண்ணுக்கு உள்ளேயே பிறந்து உள்ளேயே வடிவது. மனிதக் கண்ணில் நிமிடமொன்றுக்கு இரண்டு முதல் மூன்று மைக்ரோலீட்டர் வரை, அதாவது ஒரு சிறு துளியில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு, சுரக்கின்றது. சுரப்பும் வடிகாலும் ஒத்திருக்கும்வரை கண் தன் உருண்டை வடிவம் குலையாது நிற்கும். வயற்காரருக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. குளத்துக்குள் வரும் நீர் வந்துகொண்டேயிருக்க, மதகு மட்டும் அடைபட்டால் அணைக்கட்டு என்னாகும் என்பதை வட்டைவிதானைமார் நன்கறிவர். கண்ணிலும் வடிகால் அடைபட்டால் உள்நீர் தேங்கி அமுக்கம் ஏறுகிறது. ஏறிய அமுக்கம், கண்ணின் பின்புறத்திலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக நலிவிக்கிறது. குளுக்கோமா என்று வைத்தியர்கள் கூறும் நோய் இவ்வழியிலேயே பெரும்பாலும் பார்வையைக் கவர்கிறது. நலிந்த நரம்பு மீண்டும் தளிர்ப்பதில்லை. போன பார்வை போனதே.

மனிதரில் இவ்வமுக்கம் பொதுவாகப் பாதரச நிரலின் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருக்கும். இவ்வெண்ணைப் பெறுவதற்கு மனிதகுலம் எடுத்துக்கொண்ட காலம் சிறிதன்று.

மருதமுனையின் கைத்தறி நெசவாளர், தறியில் ஏற்றிய பாவு போதிய இறுக்கத்துடன் நிற்கின்றதா என்பதை விரல் நுனியால் தொட்டே அறிந்துகொள்வார். பண்டைய கண் வைத்தியர்களும் அவ்வாறே செய்தனர். இமையை மூடச்செய்து, இரு சுட்டுவிரல்களால் மெல்ல அழுத்தி, கண் மெத்தென்று இருக்கின்றதா, கல்லென்று இருக்கின்றதா எனப் பார்த்தனர். கண் வைத்தியத்தைத் தனிக்கலையாக வளர்த்தவர்களுள் அரபு மொழி வைத்தியர்கள் முன்வரிசையில் நிற்பவர்கள். பத்தாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பக்தாதில் விளங்கிய அலி இப்னு ஈஸா என்பார், 130 கண் நோய்களை வகுத்துக் கூறிய நூலொன்றை யாத்தார்; அது பல நூற்றாண்டுகள் கண் வைத்தியரின் கைந்நூலாக விளங்கிற்று. பதினான்காம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த ஷம்சுத்தீன் என்னும் வைத்தியர், கண்ணில் உண்டாகும் ஒற்றைத் தலைவலி என்றொரு நோயை விவரித்தார். அது இன்று நாம் குளுக்கோமா என்கின்ற நோயின் கடுமையான வடிவமாகவே இருத்தல் வேண்டும் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. இங்கிலாந்தில் 1622ஆம் ஆண்டில் ரிச்சர்ட் பானிஸ்டர் என்பவர், பார்வையிழந்த கண் தொடுகைக்குக் கடினமாக இருப்பின் அது தீராத நோயென்று எழுதிவைத்தார்.

விரல் நல்ல ஆசான்தான். ஆயினும் ஒருவர் விரலுக்குக் கடினமாகத் தோன்றுவது மற்றொருவர் விரலுக்கு மென்மையாகத் தோன்றலாம். இலண்டனில் வில்லியம் போமன் 1862ஆம் ஆண்டில் விரலுணர்வைப் படிப்படியாக வகுத்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு குறியீடு தந்தார். ஏறத்தாழ அதே காலத்தில் பெர்லினில் அல்பிரெக்ட் ஃபொன் கிரேஃபே கருவியொன்றினால் அளக்க முனைந்தார். கிரேஃபே, கதிராளியின் சிறு துண்டொன்றை அகற்றும் சத்திரசிகிச்சையால் இந்நோயின் கடுமையான வடிவத்தைத் தணிக்கலாம் என 1857இல் காட்டியவர். சிகிச்சை கிடைத்துவிட்டது, ஆனால் அச்சிகிச்சை யாருக்கு வேண்டும் என்று தீர்மானிக்கத்தக்க அளவுகோல் கிடைக்கவில்லை. அவர் காலத்துக் கருவிகள் இமையின் மேலோ கண்ணின் வெள்ளையின் மேலோ வைக்கப்பட்டன. கண்ணின் முன்னே கடிகாரக் கண்ணாடி போல் அமைந்திருக்கும் விழிவெண்படலத்தின் மேல் எதனையும் வைக்க இயலவில்லை. தூசியொன்று பட்டாலே துடிக்கும் அவ்விடத்தில் உலோகக் கருவியை வைக்க யார் இடங்கொடுப்பார்?

அத்தடையை 1884ஆம் ஆண்டு நீக்கிற்று. வியன்னாவில் இளம் வைத்தியராக இருந்த கார்ல் கொல்லர், கொக்கெயின் கரைசலின் சில துளிகளை முதலில் தவளையின் கண்ணிலும், பின்னர் முயல், நாய் முதலியவற்றின் கண்களிலும் இட்டுப் பார்த்தார். கண் மரத்துப்போயிற்று. பின்னர்த் தம் கண்ணிலேயே இட்டு, குண்டூசியின் தலையால் தொட்டுப் பார்த்தார், வலிக்கவில்லை. அவ்வாண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் ஹைடல்பெர்க் நகரில் கூடிய கண் வைத்தியர் மாநாட்டில் அச்செய்தி வெளியாயிற்று. மாநாட்டுக்குச் செல்லப் பயணச் செலவுக்குப் பணமில்லாமையால், கொல்லரின் கட்டுரையை வேறொருவரே வாசித்தார். மனிதர் கண்ணுக்குக் கிடைத்த இந்நன்மையை முதலில் தாங்கிக்கொடுத்தது ஒரு தவளையின் கண் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் தகும்.

கண் மரத்தபின் கருவிகள் விரைந்து வந்தன. மறு ஆண்டே, 1885இல், மொஸ்கோவில் மக்லகோவ் என்பவர் சாயம் பூசிய தட்டையான எடையொன்றை விழியின் மேல் வைத்து, எவ்வளவு பரப்பில் சாயம் ஒட்டுகிறது என்பதைக் கொண்டு அமுக்கத்தைக் கணித்தார். மெத்தென்ற கண்ணில் எடை பரந்து பதியும். கடினமான கண்ணில் சிறிய வட்டமே பதியும். நோர்வே நாட்டவரான யால்மார் ஷியோட்ஸ் 1905ஆம் ஆண்டில் வேறொரு கருவியைத் தந்தார். சிறு தண்டொன்று விழியை எவ்வளவு குழிவிக்கிறது என்பதை முள் ஒன்று காட்டும். உலகெங்கும் வைத்தியசாலைகளில் பல பதிற்றாண்டுகள் அதுவே வழங்கிற்று. பின்னர் 1950களில் சுவிற்சலாந்தின் பேர்ண் நகரில் ஹான்ஸ் கோல்ட்மன், விழியின் முன்பரப்பில் 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தைத் தட்டையாக்கத் தேவையான விசையை அளக்கும் கருவியை அமைத்தார். அவ்விட்டத்தை அவர் வீணே தேர்ந்தெடுக்கவில்லை. கண்ணீர்ப் படலம் கருவியை உள்ளிழுக்கும் விசையும், விழிவெண்படலம் வளைய மறுக்கும் விசையும் அவ்வளவில் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. மனிதக் கண்ணுக்கு இன்றும் அதுவே உரைகல்.

“மனிதக் கண்ணுக்கு” என்று கூறியதைக் கவனிக்க வேண்டுகிறோம். கோல்ட்மனின் கணக்கு, மனிதனின் விழிவெண்படலத்தினது தடிப்பையும் வளைவையும் அடிப்படையாகக் கொண்டது. ஷியோட்ஸ் கருவிக்கென வகுத்த அட்டவணையும் அத்தகையதே. நாயின் கண்ணில் அக்கருவியை வைத்தவர்கள், மனிதர்க்குரிய அட்டவணை அங்கே பொருந்தாமையைக் கண்டு தனி அட்டவணைகள் வகுக்க வேண்டியவராயினர். அன்றியும், ஷியோட்ஸ் கருவியை நிறுத்த விழி வானத்தை நோக்கியிருத்தல் வேண்டும். கோல்ட்மன் கருவிக்கோ, நோயாளி நாற்காலியில் அமர்ந்து நாடியைத் தாங்கியில் ஊன்றி அசையாது நேரே பார்த்தல் வேண்டும். சிங்கத்திடம் இவ்விரண்டையும் எதிர்பார்ப்பது எங்ஙனம்?

பெரும்பூனைகளை அடைத்து வளர்த்த இடங்களில் முற்காலத்தில் வைத்தியம் வன்முறையாகவே நடந்தது. நம் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை 1936இல் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்த காலத்தில், உலகெங்கும் கயிறும், ஒருபுறச் சுவரை நகர்த்தி விலங்கை நெருக்கிப் பிடிக்கும் கூடுமே துணை. நெருக்கப்பட்ட விலங்கு மூச்சை அடக்கித் திமிறும். திமிறும் உயிரின் கழுத்து நாளங்களில் குருதி தேங்கும். தேங்கிய குருதியினால் கண்ணின் அமுக்கமும் ஏறும். அத்தருணத்தில் யாரேனும் அளந்திருந்தாலும், அவ்வெண் கண்ணின் இயல்பைக் காட்டியிராது, அச்சத்தையே காட்டியிருக்கும்.

மருந்தால் உறங்கவைக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவாயிற்று. நியூசிலாந்தின் கொலின் மேர்டொக் முதலானோர் 1950களில், மருந்து நிறைந்த ஊசியைத் தொலைவிலிருந்து எய்யும் துவக்கினை அமைத்தனர். அமெரிக்காவில் கல்வின் ஸ்டீவன்ஸ் 1962இல் கெற்றமீன் என்னும் மருந்தை ஆக்கினார். அதே ஆண்டில் ஜேர்மனியில் சைலசீன் உருவாயிற்று. இவ்விரண்டையும் கலந்து கொடுக்கும் வழக்கம் பெரும்பூனைகளின் வைத்தியத்தில் வேரூன்றியது. நேபாளத்தின் சித்வன் காட்டில் 1973இல் தொடங்கிய ஆராய்ச்சியில் வரிப்புலிகளை மயக்கி, அவற்றின் கழுத்தில் வானொலி அலைபரப்பும் பட்டிகளைப் பூட்டினர். அதுவரை துவக்கின் குறிமுள்ளுக்கு அப்பால் மட்டுமே கண்ட விலங்கை, மனிதன் கையால் தொட்டு, பல்லைப் பார்த்து, எடையிட்டு, உயிரோடு திருப்பி அனுப்பலானான்.

கண்ணைத் தொடவும் அப்போதே வழி திறந்தது. ஆனால் புதிய ஐயமும் அவ்வழியே நுழைந்தது. மயக்க மருந்துகளுட் பல விழியமுக்கத்தைத் தாழ்த்துவன. கெற்றமீனோ அவ்வாறன்று. அம்மருந்து செலுத்திய விலங்கு உணர்விழந்து கிடப்பினும் அதன் கண்கள் திறந்தே இருக்கும். கண்ணைச் சூழ்ந்த தசைகளின் இறுக்கமும் தளர்வதில்லை. ஆதலின் அமுக்கம் தாழாது நிற்கலாம். சில வேளைகளில் உயர்ந்தும் விடலாம். சைலசீன் பூனை இனத்துக்கு வாந்தியை உண்டாக்குவது. வாந்தியெடுக்கையில் அமுக்கம் திடீரென ஏறும். மூச்சுக்குழலுள் குழாய் செலுத்தும்போதும் அவ்வாறே. தலை நெஞ்சை விடத் தாழ்ந்து கிடந்தாலும், கழுத்தில் கயிறு இறுகியிருந்தாலும், இமையைத் திறக்கும் உதவியாளரின் விரல் அறியாமல் கண்ணையே அழுத்தினாலும் எண் பொய்த்துப்போகும். கெட்டியாகப் பிடித்து அளந்தால் அச்சத்தைச் சேர்த்து அளக்கிறோம். உறங்கவைத்து அளந்தால் மருந்தைச் சேர்த்து அளக்கிறோம். இடைப்பட்ட உண்மையை எங்கே தேடுவது?

இவ்வையம் வெறும் நூலறிவு பற்றியதன்று. பொய்யான உயர்ந்த எண்ணை நம்பினால், நோயற்ற விலங்குக்கு மருந்தும் கத்தியும் காத்திருக்கும். அதற்காக மீண்டும் மீண்டும் மயக்கவேண்டும்; பெரிய விலங்கை மயக்கும் ஒவ்வொரு முறையும் அதன் உயிருக்கு ஆபத்துண்டு. பொய்யான தாழ்ந்த எண்ணை நம்பினால், நோயுற்ற விலங்கு கூட்டுக்குத் திரும்பி, ஒருவரும் அறியாமல் குருடாகும். பூனை இனத்தில் இந்நோய் பெரும்பாலும் கண்ணின் உள் அழற்சி போன்ற வேறு நோயொன்றின் பின்விளைவாகவே வருகின்றது. அது வந்த விலங்கு நொண்டுவதுமில்லை, முனகுவதுமில்லை. கண் பருத்து வெளியே தெரியும் வேளையில் பார்வை ஏற்கெனவே போயிருக்கும்.

கருவியின் இடர்ப்பாட்டைத் தீர்க்கும் வழி சிறிது சிறிதாகப் பிறந்தது. மக்கே, மார்க் என்னும் இருவர் 1959இல் அமெரிக்காவில் வெளியிட்ட புதிய தத்துவத்தைப் பின்பற்றி, 1980களில் பேனா அளவான கருவி வந்தது. விலங்கு எப்பக்கம் சரிந்து கிடந்தாலும் அதனை விழியில் தொட்டு அளக்கலாம். பின்லாந்தின் அந்தி கொந்தியோலா 1990களில் அமைத்த கருவியோ, மிகச் சிறிய முனையொன்றை விழியின் மேல் எறிந்து, அது எவ்வளவு விரைந்து மீளுகிறது என்பதைக் கொண்டு அமுக்கத்தைக் கூறுகிறது. இறுகிய பந்து விரைந்து துள்ளும், காற்றிறங்கிய பந்து சோம்பித் துள்ளும் என்பதைச் சிறுவரும் அறிவர். அம்முனை பட்டும் படாமலும் செல்வதால், கண்ணை மரக்கச் செய்யும் துளிமருந்தும் அதற்குத் தேவையில்லை.

மருந்தின் இடர்ப்பாட்டைத் தீர்க்க, அதனை மறைக்காமல் ஆராய்வதே வழியென உணர்ந்தவர்கள் சிங்கத்தை எடுத்துக்கொண்டனர். இஸ்ரேலின் எபிரேயப் பல்கலைக்கழகத்துக் கண் வைத்தியப் பேராசிரியர் ரொன் ஒஃப்ரியும், ரமத் கான் விலங்குத் தோட்டத்து மிருக வைத்தியர் இகால் ஹொரோவிட்சும் பிறரும் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, மயக்க மருந்தும் ஆண் பெண் வேறுபாடும் சிங்கத்தின் விழியமுக்கத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்பதையே கேள்வியாகக் கொண்டது. ஜேர்மனி நாட்டு மிருக வைத்தியர்களும் சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, குட்டிகள் முதல் வளர்ந்த விலங்குகள் வரை பல வயதுச் சிங்கங்களை ஆராய்ந்தது. குட்டிகளின் விழியமுக்கம் தாழ்ந்தும், வளர வளர உயர்ந்தும் செல்வதை அது காட்டிற்று.

இம்முடிவு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அதன் பயன் பெரிது. கண்ணின் உள் அழற்சி தொடக்கத்தில் அமுக்கத்தைத் தாழ்த்துவதுண்டு. வளர்ந்த சிங்கத்தின் அளவைக் கையில் வைத்துக்கொண்டு குட்டியை அளப்பவர், அதன் இயல்பான தாழ்ந்த எண்ணையே நோயென்று மயங்கக்கூடும். அதேபோன்று, வளர்ந்த சிங்கத்துக்கு இயல்பாகிய எண் குட்டியிடம் காணப்பட்டால், அது நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். வயதறியாத எண் வாய்மை அறியாத சாட்சியை ஒக்கும்.

இவ்வாறான ஆய்வுகளால் மிருக வைத்தியரிடையே ஓர் ஒழுங்கு நிலைபெற்றது. தடுப்பு மருந்துக்கோ இடமாற்றத்துக்கோ பல் வைத்தியத்துக்கோ எப்படியும் மயக்கவேண்டிய விலங்கின் கண்ணை, அந்நேரத்தைப் பயன்படுத்தி அளந்துவிடுவர்; கண்ணுக்கென்றே தனியாக மயக்குவதைக் கூடியவரை தவிர்ப்பர். திறந்து கிடக்கும் கண் உலராதிருக்கப் பூசும் களிம்பை அளவெடுத்த பின்னரே இடுவர். எந்த மருந்து, எவ்வளவு, செலுத்தி எத்தனை நிமிடம், விலங்கு எப்பக்கம் சரிந்து கிடந்தது, எந்தக் கருவி என்பன யாவும் எண்ணின் அருகே எழுதப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரு கண்களையும் அளப்பர். மயக்க மருந்து இரு கண்ணுக்கும் பொது, வயதும் பொது, அச்சமும் பொது. ஆதலின் ஒரு கண் மற்றக் கண்ணினின்று பெரிதும் வேறுபட்டு நின்றால், அவ்வேறுபாட்டுக்கு மருந்தைக் குறைகூற இயலாது. மேலே நாம் எழுப்பிய வினாவுக்கு எளிமையாகக் கிடைத்த விடைகளுள் இது சிறந்ததெனலாம்.

நேயர்களே! இதுகாறும் சிங்கத்தைப் பற்றிக் கூறியவற்றை இனி ஒரு கைக்குழந்தைக்குப் பொருத்திப் பாருங்கள். அதுவும் வாய்திறந்து சொல்லாது. நாடியைத் தாங்கியில் ஊன்றி நேரே பார் என்றால் கேளாது. இமையைத் தொட்டால் வீரிட்டழும். அழுகையால் அமுக்கம் ஏறும். கண்ணின் வடிகால் சரிவர அமையாமல் பிறக்கும் குழந்தைகள் சிலர் உளர். இதனைப் பிறவிக் குளுக்கோமா என்பர். மேலை நாடுகளில் ஏறக்குறைய 10,000 பிறப்புக்கு ஒன்றென்ற அளவில் அரிதாகக் காணப்படும் இந்நோய், இந்தியாவின் ஆந்திரப் பிரதேசத்தில் நடந்த ஓர் ஆய்வில் ஏறக்குறைய 3,300 பிறப்புக்கு ஒன்றெனக் காணப்பட்டது. நெருங்கிய இரத்த உறவினுள் மணஞ்செய்யும் வழக்கமுள்ள சமூகங்களில் இது கூடுதலாகத் தோன்றுகிறது. மச்சான் மச்சாள் முறையில் மணம் பேசும் வழக்கம் நம் கரையோர ஊர்களிலும் இல்லாத ஒன்றன்று. ஆகவே இச்செய்தி நமக்கும் உரியதே.

அத்தகைய குழந்தையை வைத்தியர் மயக்கியே பரிசோதிக்கின்றனர். அங்கும் அதே ஐயம்; அதே விடை. மயக்கம் ஆழ ஆழ அமுக்கம் தாழ்ந்துவிடுமாதலால், உறக்கம் பிடித்த தொடக்கத்திலேயே, மூச்சுக்குழாய் செலுத்துமுன்னரே அளந்துகொள்ள விரைகின்றனர். எந்த மருந்தென்று குறித்துக்கொள்கின்றனர். இரு கண்களையும் ஒப்பிடுகின்றனர். சிங்கக்குட்டியைப் போலவே மனிதக் குழந்தைக்கும் விழியமுக்கம் தொடக்கத்தில் தாழ்ந்திருந்து வளர்ச்சியோடு உயர்வதால், பெரியவர்களின் அளவுகோலைக் குழந்தைக்கு வைப்பதில்லை. எண்ணை மட்டும் நம்பாமல், கருவிழியின் விட்டத்தையும், படலத்தின் தெளிவையும், பார்வை நரம்பின் தலையையும் சேர்த்தே தீர்ப்புக் கூறுகின்றனர். ஏனெனில், குழந்தையின் கண் இளகிய சுவர் உடையது. அமுக்கம் ஏறினால் கண் முழுவதும் பருத்துவிடும்.

நம் ஊர்களில் குழந்தையைப் பார்க்க வருவோர், “கண் எவ்வளவு பெரிது, எவ்வளவு அழகு” என்று புகழ்வது வழக்கம். பெரும்பாலும் அது புகழ்ச்சிக்குரிய அழகேதான். ஆயினும் பெரிய கண்ணோடு, வெளிச்சத்தைக் கண்டால் இமையை இறுக மூடிக்கொள்ளுதல், அழாத வேளையிலும் நீர் வடிதல், கருவிழி புகைபடிந்த கண்ணாடி போல் மங்குதல் ஆகியவையும் சேர்ந்திருந்தால், தாய்மார் அதனைக் கண் வைத்தியரிடம் தாமதமின்றிக் காட்டுதல் வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் கருவிழி 12 மில்லிமீட்டரைக் கடந்து அகன்றிருப்பின் வைத்தியர்கள் ஐயங்கொள்கின்றனர். காலத்தே செய்யும் சத்திரசிகிச்சை அடைபட்ட வடிகாலைத் திறந்து, பார்வையைக் காக்க வல்லது.

முதியோருக்கும் ஒரு சொல். பெரியவர்களிடம் வரும் குளுக்கோமாவின் பொதுவான வடிவம் வலியின்றி, சிவப்பின்றி, ஓரப்பார்வையை முதலிற் கவர்ந்துகொண்டு வருவது. நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால், நோயாளி தாம் இழந்ததை உணர்வதேயில்லை. தாய் தந்தையர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் உண்டெனில், நாற்பது வயதைக் கடந்தவர் கண்ணைச் சோதிப்பித்தல் நன்று. அப்போதும் வைத்தியர் ஓர் எண்ணை மட்டும் பார்த்து முடிவுகூற மாட்டார். 21க்குக் கீழே அமுக்கமிருந்தும் நரம்பு நலிந்தவர்கள் உண்டு. அதற்கு மேலே இருந்தும் நரம்பு நலியாதவர்களும் உண்டு. சொல்லத் தெரிந்த மனிதனிடமும் எண் தனித்து நின்று பேசுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

ரிச்சர்ட் பானிஸ்டரின் விரல் முதல் கொந்தியோலாவின் துள்ளும் முனை வரை ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் கடந்துள்ளன. அவ்விடைவெளியில் கருவிகள் நுண்மை பெற்றதை மட்டும் வரலாறாகக் கொள்வது போதாது. தொடுகையே கண்ணை மாற்றுகிறது, அச்சமே கண்ணை மாற்றுகிறது, உறக்க மருந்தே கண்ணை மாற்றுகிறது என்பவற்றை ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டு, அவ்வொப்புதலையும் எண்ணோடு சேர்த்து எழுதக் கற்றுக்கொண்டதே இவ்வரலாற்றின் சாரம். இன்று பல மிருகக்காட்சிச்சாலைகளில், பெரும்பூனைகளை இறைச்சித் துண்டு காட்டிப் பழக்கி, அவை தாமே கம்பியருகே வந்து நின்று ஊசி போட்டுக்கொள்ளவும் குருதி எடுக்க இடங்கொடுக்கவும் செய்கின்றனர். மருந்துமின்றி அச்சமுமின்றி அவற்றின் உடல்நிலையை அறிய அது ஒரு நல்ல தொடக்கம். அதுவரையில், உறங்கும் சிங்கத்தின் முன் மண்டியிட்டு அமர்ந்திருக்கும் மிருக வைத்தியரும், உறங்கும் குழந்தையின் முன் குனிந்து நிற்கும் கண் வைத்தியரும் ஒரே பாடத்தின் மாணாக்கர்களே. சொல்லத் தெரியாத உயிரின் கண்ணை அளப்பவர், தம் கையையும் தம் மருந்தையும் முதலில் அளந்துகொள்ளுதல் வேண்டும்.